குழந்தை பெரிதென்றால் வலியை வரவழைப்பதா, நாள் குறித்து அறுவை செய்வதா?

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர், கோயம்புத்தூர் மாவட்டம்)

வயலைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் சாலையைப் பற்றியும் வழக்கமாகப் பேசும் இப்பக்கங்களில் பிரசவத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் ஒரு கிராமத்தின் நலம் அதன் தாய்மார்களின் நலத்தினின்றும் வேறானதன்று. மருத்துவச் செலவுக்காக விற்கப்பட்ட கறவை மாடும், பிறப்பின்போது ஏற்பட்ட சேதத்தால் ஒரு கையை உயர்த்த இயலாமல் வளரும் பிள்ளையும் நம் ஊராட்சிக் கணக்கில் ஏறுவதில்லை. ஆனால் நம் ஊரின் வாழ்வில் ஏறிவிடுகின்றன. ஆதலால் இப்பொருளைக் குறித்துச் சற்று நிதானமாகச் சிந்திப்பது நம் கடமையாகும்.

வீட்டில் நிகழும் பிரசவம் இன்று நம் பகுதியில் அரிதாகிவிட்டது. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டில் நிகழ்ந்த பிரசவங்களுள் 99.6 சதவீதம் மருத்துவமனைகளிலோ சுகாதார நிலையங்களிலோ நடந்தவை. இது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தியே. அதே கணக்கெடுப்பு மற்றொன்றையும் கூறுகின்றது. நம் மாநிலத்துப் பிரசவங்களுள் 44.9 சதவீதம் சிசேரியன் அறுவையால் நிகழ்ந்தன. அரசு நிலையங்களில் இது 36 சதவீதம்; தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். இந்தியா முழுவதற்குமான அளவோ 21.5 சதவீதமே. இவ்வறுவைகளுள் பல உயிர் காத்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் எது தேவையானது, எது தவிர்க்கக் கூடியது என்பதைக் குடும்பத்தார் ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

'குழந்தை பெருசா இருக்குதுன்னு சொல்றாங்க. வலிக்கு மருந்து வெக்கறதுங்களா, ஆப்பரேசன் பண்ணிக்கறதுங்களா?' என்ற கேள்வி அன்னூரிலும் சூலூரிலும் கிணத்துக்கடவிலும் பொள்ளாச்சியிலும் வீட்டுத் திண்ணைகளில் கேட்கப்படுகின்றது. இதற்கு விடை கூறுதல் மகப்பேறு மருத்துவரின் பணி, நம் பணியன்று. மருத்துவரிடம் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றையும், அவரிடம் கேட்க வேண்டியவற்றையும் எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

பெரிய குழந்தை என்பது எது?

நம் நாட்டில் நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் சராசரி எடை ஏறத்தாழ 2.8 முதல் 3 கிலோ. உலக வழக்கில் 4 கிலோவைத் தாண்டிய குழந்தையையும், சிலர் கணக்கில் 4.5 கிலோவைத் தாண்டிய குழந்தையையும் 'பெரிய குழந்தை' என்பர். நம் வட்டாரத்தில் 3.5 கிலோ என்றதுமே 'பெரிது' என்று கலங்குவோர் உண்டு. அது பெரிதன்று, நன்கு வளர்ந்த குழந்தை. தாயின் உயரம், இடுப்பெலும்பின் அமைப்பு, குழந்தை திரும்பியிருக்கும் நிலை ஆகிய அனைத்தையும் சேர்த்தே பிரசவத்தின் எளிமையை மதிப்பிட வேண்டும். எடை என்ற ஒற்றை எண் எல்லாவற்றையும் கூறிவிடாது.

ஸ்கேன் கூறும் எடை

தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர் மரத்தை அண்ணாந்து பார்த்து, குலைகளைக் கணக்கிட்டு, இத்தனை ஆயிரம் காய் என்று மதிப்பு வைக்கின்றார். பழகிய கண்ணாதலால் பெரும்பாலும் அண்மையில் வருகின்றது. எனினும் பறித்து எண்ணும்போது கூடவோ குறையவோ இருப்பது இயல்பு. ஸ்கேன் கருவி கூறும் எடையும் இத்தகைய மதிப்பே. கருவி குழந்தையை நிறுத்துப் பார்ப்பதில்லை. தலையின் சுற்றளவு, வயிற்றின் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகியவற்றை அளந்து, ஒரு சூத்திரத்தின் வழியாக எடையைக் கணிக்கின்றது. இக்கணிப்பு 10 முதல் 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கக் கூடும். ஆகவே ஸ்கேனில் 4 கிலோ என்று கண்டால், பிறக்கும் குழந்தை 3.4 கிலோவாகவும் இருக்கலாம், 4.6 கிலோவாகவும் இருக்கலாம். குழந்தை பெரிதாகும்தோறும் இப்பிழையும் கூடுகின்றது. ஸ்கேன் தாளில் உள்ள எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அஞ்சுவதும் தவறு. அதனை முற்றிலும் புறக்கணிப்பதும் தவறு.

அஞ்ச வேண்டியது எதனை?

பெரிய குழந்தை பிறக்கும்போது மருத்துவர் முதன்மையாக அஞ்சுவது தோள் சிக்குதலையே. தலை வெளிவந்துவிடும், ஆனால் முன்புறத் தோள் தாயின் இடுப்பெலும்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். அந்நிலையில் தொப்புள்கொடி நசுங்கிக் குழந்தைக்கு உயிர்க்காற்று குறைகின்றது. சில நிமிடங்களுக்குள் தோளை விடுவித்தாக வேண்டும். அவசரத்தில் தலையைப் பிடித்து வலுவாக இழுத்தால் கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புக் கொத்து காயமுறும். இவ்வாறு காயமுற்ற கைகளுள் பெரும்பாலானவை சில மாதங்களில் தேறிவிடுகின்றன. சில மட்டும் வாழ்நாள் முழுதும் தளர்ந்தே இருக்கின்றன. காறை எலும்பு முறிவதும் உண்டு. அது விரைவில் கூடிவிடும். தாய்க்கு மிகுந்த உதிரப்போக்கும் ஆழ்ந்த கிழிசலும் ஏற்படலாம்.

இரண்டு உண்மைகளை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். முதலாவது, எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் தோள் சிக்குதல் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகவே நிகழ்வதாகப் பெரிய ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டாவது, அவ்வாறு சிக்கும் குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதி 4 கிலோவுக்குக் குறைந்தவையே. ஆகவே பெரிய குழந்தைகளையெல்லாம் அறுவை செய்து எடுத்துவிட்டாலும் இவ்விபத்து ஒழிந்துவிடாது. பிரசவ அறையில் உள்ள மருத்துவரும் செவிலியரும் அதனைச் சமாளிக்கப் பயின்றிருப்பதே முதற் காவல். தாயின் தொடைகள் இரண்டையும் வயிற்றை நோக்கி நன்கு மடக்கி, அடிவயிற்றில் இடுப்பெலும்புக்கு மேலே அழுத்தினால் பெரும்பாலும் தோள் விடுபடும். மேல்வயிற்றை அழுத்தித் தள்ளுவது தீங்கானது.

சர்க்கரையும் பெரிய குழந்தையும்

குழந்தை பெரிதாவதற்குப் பல காரணங்கள் உண்டு. தாய் தந்தையரின் உடல்வாகு, தாயின் மிகை எடை, நாள் கடந்த கர்ப்பம் ஆகியவை அவற்றுட் சில. ஆனால் நம் மாநிலத்தில் நாம் தடுக்கக் கூடிய முக்கியமான காரணம் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். தாயின் குருதியில் மிகும் சர்க்கரை நச்சுக்கொடி வழியே குழந்தைக்குச் செல்கின்றது. குழந்தையின் கணையம் அதனை அடக்க இன்சுலினை மிகுதியாகச் சுரக்கின்றது. அவ்வின்சுலினே குழந்தையின் உடலில் கொழுப்பைச் சேர்க்கின்றது. இவ்வாறு பருக்கும் குழந்தைக்குத் தலையைக் காட்டிலும் தோளும் வயிறும் பெருக்கின்றன. ஆதலால் ஒரே எடையுள்ள இரு குழந்தைகளுள் சர்க்கரை நோயுள்ள தாயின் குழந்தைக்கே தோள் சிக்கும் ஆபத்து கூடுதல்.

இத்துறையில் தமிழ்நாடு நாட்டுக்கு வழிகாட்டியதென்பதை நாம் அறிந்திருத்தல் நன்று. டாக்டர் வி. சேஷையா அவர்களும் அவருடைய குழுவினரும் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் நம் மாநிலத்தில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சோதித்து, 2008-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். நகர்ப்புறத்தில் 17.8 சதவீதத்தினருக்கும், சிறு நகரங்களில் 13.8 சதவீதத்தினருக்கும், கிராமங்களில் 9.9 சதவீதத்தினருக்கும் கர்ப்பகாலச் சர்க்கரை இருப்பதை அவர்கள் கண்டனர். கிராமத்திலும் பத்தில் ஒருவர் என்பது சிறு எண்ணன்று. 2007-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு கர்ப்பிணிகள் அனைவருக்கும் இச்சோதனையைச் செய்ய ஆணையிட்டது.

சோதனை எளியது. 75 கிராம் குளுக்கோஸை ஏறத்தாழ 300 மில்லி நீரில் கரைத்துப் பருக வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்துக் குருதியில் சர்க்கரையை அளக்கின்றனர். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை எனக் கொள்வர். வெறும் வயிற்றுடன் வர வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. முதன்முதல் பதிவு செய்யும்போது ஒரு முறையும், அதில் சர்க்கரை இல்லையெனில் 24 முதல் 28 வாரங்களுக்குள் மற்றொரு முறையும் இதனைச் செய்துகொள்ள வேண்டும். முதற்சோதனை நன்றாயிருந்தது என்று இரண்டாவதை விட்டுவிடுவது பெருந்தவறு; பலருக்குச் சர்க்கரை தலைகாட்டுவது பிந்திய மாதங்களிலேயே.

சர்க்கரை கண்டால் முதலில் உணவு முறை. அது போதாதெனில் மாத்திரையோ இன்சுலினோ. உணவு கொண்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 120-க்குள் இருத்தல் வேண்டுமென்பது இலக்கு. 'இரண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிட வேண்டும்' என்று சொல்லித் தட்டு நிறையச் சோறும், விருந்துதோறும் இனிப்பும் ஊட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. அன்பினால் செய்வதே, ஆயினும் சர்க்கரையுள்ள தாய்க்கு அது குழந்தையைப் பருக்க வைக்கும் வழி. சோற்றைக் குறைத்துக் கீரை, காய், பச்சைப்பயறு, கொள்ளு, முட்டை ஆகியவற்றைக் கூட்டலாம். கேழ்வரகுக் களியும் கம்பஞ்சோறும் நல்லனவே. எனினும் அவையும் அளவோடு இருத்தல் வேண்டும். ஏழாம் மாதத்தில் இவ்வாறு காட்டும் கவனம் பத்தாம் மாதத்தில் எழும் கேள்வியையே பல வீடுகளில் எழாமற் செய்துவிடும்.

வலியை வரவழைத்தல்

நாளாகும் முன்பே மருந்தாலோ வேறு முறையாலோ பிரசவ வலியைத் தொடங்கச் செய்வதே வலி வரவழைத்தல். கருப்பை வாய் இறுகியிருந்தால் முதலில் அதனை இளக்க மருந்துக் களிம்போ சிறிய அளவு மாத்திரையோ தருவர். அல்லது சிறு பலூன் குழாயை வைப்பர். பின்னர் தேவையானால் பனிக்குடத்தை உடைத்து, ஆக்சிடோசின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவர். முதற் பிரசவத்தில் இதற்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். குழந்தையின் இதயத் துடிப்பை இடைவிடாது கவனிக்க வேண்டும். மருந்து மிகுந்தால் வலி அடுத்தடுத்து வந்து குழந்தை சோர்வுறும்.

இம்முறையின் பின்னுள்ள எண்ணம் எளிதில் விளங்கும். கடைசி வாரங்களில் குழந்தை மேலும் பருப்பதற்கு முன் அதனை வெளிக்கொணர்ந்தால் தோள் சிக்குவது குறையுமல்லவா? இதனை ஆராய்ந்தவர்கள் உளர். 2011-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், குழந்தை பெரிது என்ற ஐயம் ஒன்றற்காக மட்டும் வலியை வரவழைக்கத் தேவையில்லை என்று பரிந்துரைத்தது. பின்னர் பிரான்சு, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளில் 822 தாய்மாரைக் கொண்டு நடந்த ஆய்வு 2015-இல் வெளியாயிற்று. 37 முதல் 39 வாரங்களுக்குள் வலி வரவழைக்கப்பட்டவர்களுள் 2 சதவீதத்தினருக்கும், காத்திருந்தவர்களுள் 6 சதவீதத்தினருக்கும் கடுமையான தோள் சிக்கலோ அதனைச் சார்ந்த கேடோ நேர்ந்தது. 'வலிக்கு மருந்து வைத்தால் கடைசியில் அறுவைதான்' என்று நம் பெண்கள் கூறுவதுண்டு. அவ்வாய்வில் வலி வரவழைத்ததனால் அறுவை கூடிவிடவில்லை. எனினும் முன்கூட்டிப் பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலைச் சிகிச்சை சற்று அதிகமாகத் தேவைப்பட்டது.

2025-ஆம் ஆண்டில் பிரிட்டனிலிருந்து இதனினும் பெரிய ஆய்வொன்று வெளிவந்தது. 106 மருத்துவமனைகள், 2,893 தாய்மார். சர்க்கரை நோய் இல்லாத, ஆனால் குழந்தை பெரிதென ஸ்கேனில் கண்ட தாய்மார் இவர்கள். 38-ஆம் வாரத்தில் வலி வரவழைக்கத் திட்டமிடப்பட்டவர்களுள் 2.3 சதவீதத்தினருக்குத் தோள் சிக்கல் நேர்ந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுள் 3.1 சதவீதத்தினருக்கு. இவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கக் கூடிய அளவினதே. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுள்ளும் பலர் முன்னதாகவே பிள்ளை பெற்றுவிட்டனர். அத்தகையோரை நீக்கி, திட்டப்படியே நடந்தவர்களை மட்டும் ஒப்பிட்டால் 2.3-க்கும் 3.7-க்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. ஆக, வலி வரவழைத்தலால் ஓரளவு பயன் இருக்கலாம். ஆனால் எவ்வழியிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு மேற்பட்டோர் இவ்விபத்தின்றியே பெற்றனர் என்பதையும் மறத்தல் கூடாது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகம், குழந்தை பெரிது என்ற காரணம் ஒன்றற்காக 39 வாரம் நிறைவதற்கு முன் வலியை வரவழைக்க வேண்டா என்று கூறுகின்றது. மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து உருவாகவில்லை.

நாள் குறித்த அறுவை

வலி தொடங்குமுன் குறித்த நாளில் செய்யும் சிசேரியன் அறுவையில் தோள் சிக்கும் ஆபத்து ஏறத்தாழ நீங்கிவிடுகின்றது. இது அதன் பெரும் நன்மை. ஆனால் விலையின்றி எதுவும் வருவதில்லை. அறுவையில் உதிரப்போக்கு, சீழ் பிடித்தல், காலில் குருதி உறைதல் ஆகிய ஆபத்துகள் உண்டு. தாய் எழுந்து நடமாடி வேலை செய்ய அதிக நாள் ஆகும்; களையெடுப்புக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் திரும்ப வேண்டிய பெண்ணுக்கு இது சிறு செய்தியன்று. 39 வாரத்துக்கு முன் அறுவை செய்தால் குழந்தை மூச்சுத் திணறுவது மிகுதி.

மேலும், இவ்வறுவை இந்தப் பிரசவத்தோடு முடிவதன்று. அடுத்த கர்ப்பத்தில் நச்சுக்கொடி கீழே இறங்கி நிற்பதும், பழைய தழும்பில் வேரூன்றிப் பிரியாமற் போவதும் நேரலாம்; அறுவைகள் கூடக்கூட இவ்வாபத்தும் கூடுகின்றது. ஒரு முறை அறுவை செய்தவர் அடுத்த முறை இயல்பாகப் பெறவே இயலாது என்பதும் உண்மையன்று. தகுந்தவரைத் தேர்ந்து முயலும்போது நால்வரில் மூவர் அளவுக்கு வெற்றி பெறுகின்றனர். ஆனால் இருநூறு பேரில் ஒருவருக்குப் பழைய தழும்பு பிரியக் கூடுமாதலால், உடனே அறுவை செய்ய வசதியுள்ள இடத்திலேயே முயல வேண்டும். அத்தகையவருக்கு வலியை வரவழைக்கச் சில மருந்துகளை விலக்குவர்.

எத்தனை அறுவை செய்தால் எத்தனை கைகளைக் காக்கலாம் என்று 1996-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். சர்க்கரை இல்லாத தாய்மாரில் 4.5 கிலோ என்று ஸ்கேனில் கண்ட அனைவருக்கும் அறுவை செய்வதென்றால், நிரந்தரமாகச் செயலிழக்கும் ஒரு கையைத் தடுக்க 3,695 அறுவைகள் தேவைப்படும். சர்க்கரையுள்ள தாய்மாரில் 443 அறுவைகள் போதும். இதனாலேயே அமெரிக்கக் கழகம் சர்க்கரை இல்லாதவர்க்கு 5 கிலோவிலும், உள்ளவர்க்கு 4.5 கிலோவிலும் அறுவையைப் பற்றி எண்ணலாம் என்கின்றது. நம் மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், கர்ப்பகாலச் சர்க்கரையுள்ள தாய்க்கு 4 கிலோவுக்கு மேல் என்று கணித்தால் 39 வாரத்தில் அறுவையைக் கருதலாம் என்கின்றது. மற்றபடி, சர்க்கரை ஒன்றே அறுவைக்குக் காரணமன்று. இயல்பான பிரசவமே விரும்பத்தக்கது என்றும், தானாக வலி வராவிடில் 39 வாரத்திலோ அதன்பின்னோ வரவழைக்கலாம் என்றும் அது கூறுகின்றது.

மூன்று வீடுகள்

இவற்றை நடைமுறையில் பொருத்திப் பார்க்க மூன்று வீடுகளைக் கற்பனை செய்துகொள்வோம்.

முதல் வீட்டில் தலைப்பிரசவம். சர்க்கரை இல்லை. 38-ஆம் வாரத்தில் ஸ்கேன் 3.8 கிலோ என்கின்றது. உண்மையில் 3.3 கிலோவாகவும் 4.3 கிலோவாகவும் இருக்கலாம். இந்த எண்ணைக் கொண்டு மட்டும் அறுவைக்கு விரைய வேண்டியதில்லை. வலி வரும் வரை காத்திருத்தல், 39 வாரம் நிறைந்தபின் வரவழைத்தல் ஆகிய இரண்டும் மருத்துவருடன் பேசி முடிவு செய்யத்தக்கவை.

இரண்டாவது வீட்டில் சர்க்கரைக்கு இன்சுலின் போடுகின்றனர். கட்டுப்பாடும் சரியாக இல்லை. ஸ்கேன் 4.3 கிலோ. இங்கே நாள் குறித்த அறுவையைத் தட்டிக்கழிப்பது நன்றன்று. பிரசவம் நிகழ வேண்டிய இடமும் மகப்பேறு மருத்துவரும் குருதியும் பச்சிளங் குழந்தைப் பிரிவும் உள்ள பெரிய மருத்துவமனையே. பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை திடீரெனக் குறையக் கூடும். ஆதலால் உடனே தாய்ப்பால் ஊட்டி, ஒரு மணி நேரத்தில் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது வீட்டில் இரண்டாம் பிரசவம். சர்க்கரை இல்லை, ஸ்கேன் 3.7 கிலோவே. ஆனால் முதற்குழந்தை பிறந்தபோது தோள் சிக்கி, கை தேறப் பல மாதங்கள் ஆயின. இங்கே ஸ்கேன் எண்ணைக் காட்டிலும் முன்வரலாறே பெரிது. ஒரு முறை நேர்ந்தவருக்கு மீண்டும் நேரும் ஆபத்து மற்றவரினும் கூடுதலாதலால், அறுவையைப் பற்றி மனம் திறந்து பேசுதல் வேண்டும். இச்செய்தியை மருத்துவரிடம் கூறாமல் விடுவதே இவ்வீட்டின் பெரிய அபாயம்.

நம் வழக்கங்களும் இம்முடிவும்

கொங்கு நாட்டில் கட்டுச்சோறு விருந்து முடிந்து பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது நெடுநாள் வழக்கம். அன்பும் ஓய்வும் கிடைக்கும் நல்ல வழக்கமே. ஆனால் தாராபுரத்தில் பதிவு செய்து பார்த்து வந்த பெண் ஒன்பதாம் மாதத்தில் மேட்டுப்பாளையத்துக்குச் சென்றால், அவளுடைய சர்க்கரைக் கணக்கும் ஸ்கேன் தாள்களும் உடன் செல்ல வேண்டும். பல வீடுகளில் சீர்த்தட்டு செல்கின்றது. மருத்துவ அட்டை பரணில் தங்கிவிடுகின்றது. தாய் சேய் நல அட்டையும், பிக்மி எண்ணும், எல்லாச் சோதனைத் தாள்களும் ஒரே பையில் இட்டுப் பெண்ணுடன் அனுப்புக. சென்ற ஊரின் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அந்த வாரத்திலேயே காட்டுக.

அறுவைக்கு நாளும் நேரமும் சோதிடரிடம் கேட்பதும் உண்டு. ஒருவர் நம்பிக்கையில் நாம் தலையிடுவதற்கில்லை. மருத்துவர் அறுவை தேவையென்று கூறி, 39 வாரம் நிறைந்து, அவர் தரும் நாட்களுள் ஒன்றைத் தேர்வதானால் அதனால் கேடில்லை. நல்ல நாளுக்காக 37-ஆம் வாரத்திலேயே எடுக்கச் சொல்வதும், இயல்பாகப் பெறக் கூடியவளை நட்சத்திரத்துக்காக அறுவைக்கு உட்படுத்துவதும், வலி கண்டபின் நேரத்துக்காகக் காத்திருக்கச் செய்வதும் கூடா.

முடிவு யாருடையது?

இவ்விஷயத்தில் உலகறிந்த வழக்கொன்று உண்டு. ஸ்காட்லாந்தின் லேனார்க்ஷயரில் நாடின் மாண்ட்கோமரி என்ற பெண்மணி குட்டையான உடலமைப்பினர். இன்சுலின் தேவைப்படும் சர்க்கரை நோயுடையவர். பெரிய குழந்தையை இயல்பாகப் பெற முடியுமா என்ற கவலையை அவர் மருத்துவரிடம் வெளியிட்டார். அவருடைய நிலையில் உள்ளோர்க்குத் தோள் சிக்கும் வாய்ப்பு 9 முதல் 10 சதவீதம். அது அவருக்குச் சொல்லப்படவில்லை. சொன்னால் பெண்கள் அறுவையையே கேட்பர் என்பதும், கொடிய விளைவு மிக அரிது என்பதும் மருத்துவரின் எண்ணம். 1999 அக்டோபர் 1 அன்று, வலி வரவழைக்கப்பட்ட பிரசவத்தில், தலை வெளிவந்தபின் தோள் சிக்கிற்று. குழந்தையை வெளிக்கொணர 12 நிமிடங்கள் ஆயின. குழந்தை மூளைப் பாதிப்புடன் வாழ நேர்ந்தது. 2015 மார்ச்சில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அவ்வன்னைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அந்நிலையில் உள்ள ஒரு பெண் எந்த ஆபத்தை முக்கியமாகக் கருதுவாளோ, அதனையும் அதற்குரிய மாற்று வழிகளையும் அவளுக்கு எடுத்துரைத்தல் மருத்துவரின் கடமை என்பது அதன் சாரம்.

நம் நாட்டிலும் 2008-ஆம் ஆண்டில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியுள்ளது. சிகிச்சையின் தன்மை, மாற்று வழி, முக்கியமான ஆபத்து ஆகியவற்றை அறிந்தபின் நோயாளி தரும் இசைவே இசைவு. தன்னறிவுடன் இருக்கும் வயது வந்த பெண்ணுக்கு மாற்றாக அவளுடைய தாய் இசைவு தருதல் செல்லாது. நம் வீடுகளில் மாமியாரும் கணவரும் அப்பாரும் கூடிப் பேசுவது இயல்பு; அது நன்று. எனினும் வலியைத் தாங்குபவளும் தழும்பைச் சுமப்பவளும் அவளே. அவள் கருத்தை முதலில் கேட்டு, அதனைக் கடைசிச் சொல்லாகவும் கொள்வதே முறை.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

1. குழந்தையின் எடை எவ்வளவு எனக் கணித்துள்ளீர்கள்? எத்தனையாவது வாரத்தில் எடுத்த ஸ்கேன் அது?
2. எனக்குச் சர்க்கரை உண்டா? 24 வாரத்துக்குப் பின் சோதித்தாயிற்றா?
3. காத்திருந்தால் என்ன? வலி வரவழைத்தால் என்ன? அறுவை செய்தால் என்ன? ஒவ்வொன்றிலும் எனக்கும் குழந்தைக்கும் உள்ள ஆபத்து யாது?
4. 39 வாரம் நிறைந்துவிட்டதா? இல்லையெனில் அதற்கு முன் செய்யக் காரணம் என்ன?
5. வலி வரவழைத்தும் பிரசவம் ஆகாவிடில் அறுவை இங்கேயே செய்யப்படுமா? இரவிலும் வசதி உண்டா?
6. தோள் சிக்கினால் சமாளிக்கப் பயின்றவர் பிரசவ அறையில் இருப்பார்களா?
7. மேலும் பிள்ளைகள் வேண்டுமென்றால் இந்த அறுவை அடுத்த பிரசவத்தை எவ்வாறு பாதிக்கும்?

இக்கேள்விகளைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. விதை வாங்கும்போது முளைப்புத் திறனைக் கேட்கும் நாம், பிள்ளைப்பேற்றில் வாய்மூடியிருப்பது பொருந்துமா?

ஊராட்சி செய்யக் கூடியவை

கிராம சபைக் கூட்டத்தில் வருவாய், செலவு பேசியபின் சில நிமிடங்களைத் தாய்மார் நலத்துக்கு ஒதுக்கலாம். கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து, ஊரிலுள்ள கர்ப்பிணிகளுள் எத்தனை பேர் இரண்டாம் சர்க்கரைச் சோதனையை முடித்துள்ளனர் என்ற எண்ணிக்கையை மட்டும், பெயர் கூறாமல், கேட்கலாம். சுகாதாரம், குடிநீர், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழுவின் வழியாகச் சோதனை நாளில் தொலைவிலுள்ள தோட்டத்துச் சாளைகளிலிருந்து வருவோருக்கு வண்டி வசதி செய்யலாம். மழையில் துண்டிக்கப்படும் பாதைகளைக் குறித்து வைத்து, அப்பகுதிப் பெண்கள் நாள் நெருங்கும்போது மருத்துவமனைக்கு அண்மையில் தங்க ஏற்பாடு செய்யலாம். 108 வண்டி எவ்வழி வந்து திரும்பும் என்பதை முன்கூட்டி அறிந்து வைக்கலாம்.

பணத்தைக் காரணம் காட்டிக் கந்துவட்டிக்குக் கடன் வாங்குவோரிடம் இவற்றையும் எடுத்துக் கூறுக. 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனைகளில் இயல்பான பிரசவமும் சிசேரியன் அறுவையும், அவற்றுக்கான மருந்தும் குருதியும் உணவும் கட்டணமின்றி வழங்கப்பட வேண்டும். தகுதியுள்ள தாய்மாருக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி உண்டு; அதற்குப் பிக்மி எண் தேவை. ஆதலால் கர்ப்பம் தரித்த தொடக்கத்திலேயே பதிவு செய்தல் இன்றியமையாதது. சர்க்கரை இருந்த தாய் பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரத்தில் மீண்டும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் நினைவூட்டுக. பிற்காலத்தில் நிலையான சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அவளுக்கு மிகுதி.

முடிவாகக் கூறுவது இதுவே. குழந்தை பெரிதென்ற ஒரு சொல்லைக் கேட்டு அறுவைக்கு ஓடுவதும் வேண்டா; 'எங்கள் பாட்டி பத்துப் பெற்றாள்' என்று கூறி எச்சரிக்கையைப் புறக்கணிப்பதும் வேண்டா. சர்க்கரை உண்டா, முன்வரலாறு என்ன, எத்தனை வாரம், எந்த மருத்துவமனை என்ற நான்கையும் சேர்த்துப் பார்த்து, தாயின் விருப்பத்தைக் கேட்டு எடுக்கும் முடிவே நல்ல முடிவு. அடுத்த கிராம சபைக்கு முன்பாகத் தம் ஊரின் சர்க்கரைச் சோதனை எண்ணிக்கையைக் கேட்டறியுமாறு ஊராட்சிப் பொறுப்பிலுள்ள அன்பர்களை வேண்டுகின்றோம்.